ஆலம்பொட்டல் சாலைக்கு வண்டி வாங்கிய வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய ஆள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வண்டிக்கு நாலு சக்கரம் இருந்தாலும் இரண்டுதான் உழைக்கின்றன, மற்ற இரண்டும் கூடவே உருண்டு வந்து பேர் வாங்குகின்றன என்ற உண்மையைக் கண்டு மனம் வருந்திய அரசு அலுவலர் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் தோன்றினார். அவர் பெயர் நிலவழகன். ஒன்றியப் பொறியாளர். எந்த ஒன்றியம் என்று சொன்னால் மற்ற ஒன்றியங்கள் பொறாமைப்படும் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுவோம்.

நிலவழகன் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுவது உத்தமம், பின்னால் சந்தர்ப்பம் கிடைக்காமல் போகலாம். யாரிடமும் கை நீட்டாதவர். பத்து மணிக்கு அலுவலகம் என்றால் பத்துக்கே வந்து மின்விசிறியைப் போட்டுக்கொள்வார். மனுக் கொடுக்க வருகிறவர்களை உட்காரச் சொல்வார். அவருக்கு இருந்த ஒரே குறை இடுப்பு.

அலுவலகத்தில் ஒரு ஜீப் இருந்தது. அவருக்கு முன்பிருந்த பல பொறியாளர்களைச் சுமந்து ஓய்வுக்கு அனுப்பிவைத்த ஜீப். அதை நாகராசு ஓட்டினார் என்பதைவிட, சமாதானப்படுத்தி அழைத்துச் சென்றார் என்பதே பொருந்தும். வைகாசியில் ஒரு கோடை மழைக்கு மறுநாள், அந்த ஜீப்பில் ஏறி நிலவழகன் ஆலம்பொட்டல் சாலையைப் பார்வையிடப் புறப்பட்டார்.

அரிமளம் போகிற தார்ச்சாலையிலிருந்து பிரிந்து, கண்மாய்க் கரையை ஒட்டியே போய், கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கைக் கடந்து ஊரைச் சேர்கிறது ஆலம்பொட்டல் சாலை. கலிங்கில் பாலம் கிடையாது. சாலையில் தார் கிடையாது. ஒரு காலத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு ஓரங்களில் கறுப்பாகச் சில தடயங்கள் உண்டு. அந்த ஊர்ப் பாலைச் சேகரித்து டிவிஎஸ் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டி அரிமளத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுகிற மருதாயிதான் இதைப் பற்றி மனுக் கொடுத்திருந்தார். ஆலம்பொட்டலில் கறக்கிற பால் அரிமளம் போய்ச் சேர்வதற்குள் பாதி வெண்ணெயாகி விடுகிறது என்று மனுவில் எழுதியிருந்தார். நிலவழகன் அதை மிகை என்று நினைத்தார்.

கலிங்குக்குச் சற்று முன்னால் ஜீப் ஒரு குழியில் இறங்கியது. ஏதோ ஒன்று நொடுக்கென்றது. ஜீப்பா, தானா என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. ஜீப் நின்றுவிட்டது, அவர் கத்தினார், அதிலிருந்து இரண்டும்தான் என்று தெரிந்தது. மருதாயியின் மகன் பிரவீன்குமார் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி ஜீப்பை வெளியே இழுத்தான். நிலவழகனை இருவர் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

மருதாயி அருகில் வந்து சொன்னார்: "ரோடு எந்த லெச்சணத்துல இருக்குன்னு இப்பத் தெரிஞ்சிருக்குமே சார்."

நிலவழகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, ஆனால் உறுதியாகச் சொன்னார்: "தெரிஞ்சிருச்சும்மா. இனிமே இத இப்படியே விட முடியாது."

மருதாயி வீட்டுக்குப் போய் மருமகள் புவனேஸ்வரியிடம் இதைச் சொன்னார். புவனேஸ்வரிக்கு அப்போது மூன்றாம் மாதம். கார்த்திகையில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் ரோடு வந்துவிடும், பயப்படாதே என்றார் மாமியார். 'இத' என்று அதிகாரி சொன்னதை அவர் சாலை என்று எடுத்துக்கொண்டிருந்தார். நிலவழகன் சொன்னது ஜீப்பை.

அந்த வாரமே 'வாகனத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. ஆலம்பொட்டல் போன்ற இடங்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் சரி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புதியதா, பழையதா என்பதே கேள்வி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கான கோப்பை நாலு மேசையும் இழுத்தன.

கணக்கர் கோபிநாத் புதிய வண்டியின் பக்கம். "புதுசுன்னா வாரண்டி இருக்கு சார். எது ஒடைஞ்சாலும் கம்பெனி பொறுப்பு. நம்ம ஆபீசுல ஏதாச்சும் ஒண்ணுக்காச்சும் யாராச்சும் பொறுப்புன்னு இருக்கட்டுமே."

ஓட்டுநர் நாகராசு பழைய வண்டியின் பக்கம். பழைய வண்டிக்கு மேடு பள்ளம் தெரியும், புதியதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே புது வண்டியின் மதிப்பு இறங்கிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். ஓய்வு பெற்று ஆபீஸ் வாசலைத் தாண்டுகிற அதிகாரிக்கும் அப்படித்தான் என்றார் கோபிநாத். பஜ்ஜி வந்த பிறகுதான் கூட்டம் தொடர்ந்தது.

நிலவழகன் இந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் இடுப்பில் தைலம் தடவிப் படுத்தபடி கைப்பேசியில் வண்டிகளின் வீடியோக்களைப் பார்த்தார். வண்டிகள் பாறைமேல் ஏறின, பனியில் சறுக்கின, ஆற்றுக்குள் இறங்கி மறுகரையில் நீரைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இது ஆலம்பொட்டலைத் தாங்குமா என்ற ஒரே அளவுகோலால்தான் அவர் அளந்தார். இமயமலை சுமாராகத்தான் பட்டது.

மூன்றாவது கூட்டத்தில் ஓவர்சீயர் பிளெஸ்ஸி வாய் திறந்தார். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர், அதனால் அது மன்னிக்கத்தக்கது.

"சார், அந்தக் கலிங்குல சின்னதா ஒரு பாலமும், ரோட்டுக்குக் கப்பிக்கல்லும் போட்டுட்டா நம்ம பழைய ஜீப்பே போகும். புது வண்டி விலையில பாதிகூட ஆகாது."

பிளெஸ்ஸியைக் கடிந்துகொள்ள நிலவழகனுக்கு மனம் வரவில்லை. மகளுக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார். வண்டி என்பது 'வாகனம்' என்ற தலைப்பில் வருகிறது, பாலம் என்பது 'சாலை' என்ற தலைப்பில் வருகிறது, ஒன்றின் பணத்தை இன்னொன்றில் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். அதோடு, சாலையை நன்றாகப் போட்டுவிட்டால் இந்த வண்டி எதற்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். அதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

கூட்டக் குறிப்பை எழுதுவது பிளெஸ்ஸியின் வேலை என்பதால், தான் சொன்னதை 'நிகழ்ச்சி நிரலுக்குத் தொடர்பற்ற கருத்து' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

நிலவழகன் மேசையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அல்ல. மக்கள் கருத்தைக் கேட்காமல் மக்களுக்காக வண்டி வாங்குவது முறையல்ல என்று அவர் கருதினார். ஆலம்பொட்டல் பள்ளிக்கூட வராந்தாவில் ஊரைக் கூட்டி, நல்ல தமிழில் நேரடியாகக் கேட்டார்: "பழையதா, புதுசா? பயப்படாமச் சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்த ஆவுடையப்பனுக்குக் காது சற்று மந்தம். வயலுக்குப் போகிறவனுக்குப் பழையதுதான் நல்லது, கூடக் கொஞ்சம் மோரும் வெங்காயமும் இருந்தால் போதும், உடம்பு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவர் விளக்கமாகச் சொன்னார். அது பழைய வண்டிக்கு ஆதரவாகக் குறிக்கப்பட்டது.

மருதாயி எழுந்தார். "நீங்க எதுல வேணும்னாலும் வாங்க சார். நடந்து வந்தாலும் சரி, பறந்து வந்தாலும் சரி. எங்களுக்கு ரோடு வேணும்."

இது 'இரு வகை வாகனத்துக்கும் பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபனை இல்லை' என்று பதிவாயிற்று.

மக்கள் தீர்ப்பு பழையதன் பக்கம் சாய்ந்ததால் முதலில் பழைய வண்டி ஒன்று வரவழைக்கப்பட்டது. திருச்சி சாலையில் பழைய வண்டிகளை விற்கும் ஒருவர் அதைத் தானே ஓட்டிவந்தார். வெள்ளை நிறம், வயிற்றுப் பகுதியில் துரு. "ஒரே ஒரு கைதான் சார் ஓட்டுச்சு. டாக்டரம்மா. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான்" என்றார். அடியில் குனிந்து பார்த்த நாகராசு, அந்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு மலை இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் அது அனுபவம்தானே என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சோதனை ஓட்டம் ஆலம்பொட்டல் சாலையில் நடந்தது. கலிங்கு வரைக்கும் வண்டி கம்பீரமாக வந்தது. அங்கே சேற்றில் இறங்கியதும், நாலு சக்கரத்தையும் இயக்குகிற கம்பியை நாகராசு பின்னால் இழுத்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி அவர் நிலவழகனைப் பார்த்தார். நாலு சக்கரமும் ஒற்றுமையாக நின்றன.

டிராக்டர் வந்தது. இப்போதெல்லாம் பிரவீன்குமார் கயிற்றை டிராக்டரிலேயே வைத்திருந்தான். வண்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் புவனேஸ்வரி மாமியாருடன் நடந்து வந்தாள். ஏழாம் மாதம். ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மறுப்பதால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தார்ச்சாலை வரைக்கும் நடந்துதான் போய்வர வேண்டும். வயிற்றில் ஒரு கையும் மாமியார் தோளில் ஒரு கையுமாக அவள் குழிகளைச் சுற்றிச் சுற்றி வருவதை நிலவழகன் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

ரோடு எப்போது சார் என்று மருதாயி கேட்டார்.

"அதுக்காகத்தாம்மா இவ்வளவு பாடுபடுறோம்" என்றார் நிலவழகன். சேறு அவர் முழங்கால் வரைக்கும் இருந்ததால் மருதாயியால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை.

ஆக, புதியது என்று முடிவாயிற்று. கோபிநாத் அன்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். வண்டியை வாங்குமுன் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து அதே சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடப்பட்டது. அதற்குள் ஒரு சிக்கல் முளைத்தது.

மழைக்காலம் நெருங்கவே, பிரவீன்குமாரும் ஊர்ப் பையன்கள் சிலரும் காசு போட்டு, டிராக்டரில் கிராவல் மண் அடித்து, குழிகளை மூடத் தொடங்கியிருந்தார்கள். செய்தி அலுவலகத்துக்கு வந்தது. நிலவழகன் பதறிப்போனார். நோட்டீஸ் அனுப்பியே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேரில் போய்ப் பேசுவதுதான் பண்பு என்று நினைத்துக் கிளம்பினார்.

"தம்பி, ஒங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா நீங்க குழிய மூடிட்டீங்கன்னா, வண்டியோட தெறமைய நான் எதுல பாக்குறது?"

பிரவீன்குமார் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "வேற ஊர் ரோட்டுல பாருங்க சார்."

"மத்த ரோடெல்லாம் இந்த அளவுக்கு இல்ல தம்பி."

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். ஊராட்சிச் சாலையில் அனுமதியில்லாமல் வேலை செய்வது சட்டப்படி தவறு என்பதையும், தன் மட்டில் வழக்குப் போடுகிற எண்ணம் இல்லை என்பதையும் கூடவே நினைவூட்டினார். சோதனை முடிகிற வரைக்கும் சாலையின் 'இயல்பு நிலை' காக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். பையன்கள் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மூடிய குழிகளைத் திரும்பத் தோண்டும்படி நிலவழகன் வற்புறுத்தவில்லை. அடுத்து வந்த மழை அதைப் பார்த்துக்கொண்டது.

சோதனை வெற்றி. ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் வண்டி வாங்கப்பட்டது. ஆறே மாதத்தில் ஓர் அரசு அலுவலகம் ஒரு காரியத்தை முடித்தது என்றால் நம்மில் பலர் நம்ப மாட்டோம். அலுவலக வாசலில் பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாகராசு வண்டியை எடுத்தார். பழம் நசுங்கினது தெரியவே இல்லையே என்று உள்ளே இருந்த நிலவழகன் வியந்தார்.

முதல் ஆய்வு ஆலம்பொட்டலுக்கு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தது. மெல்லிய ஒலியில் நாதஸ்வரம். நிலவழகன் வழக்கம்போல இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே வேலிக்கருவைப் புதர் மெதுவாகப் பின்னால் போயிற்று. வெகு நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"கலிங்கு எப்ப வரும் நாகராசு?"

"தாண்டிட்டோம் சார்."

நிலவழகன் கையை எடுத்தார். இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இத்தனை ஆண்டு சேவையில் முதல் முறையாக ஒரு கிராமச் சாலை அவரை மனிதனாக நடத்தியிருந்தது. கண்கள் கலங்கின. திரும்பி வருகிற வழியில் சிறிது தூங்கவும் தூங்கினார்.

பொறியாளர் என்பவர் தான் கண்டறிந்ததைத்தான் எழுத வேண்டும், கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. நிலவழகன் அப்படியே எழுதினார்: 'ஆலம்பொட்டல் சாலை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் உணரப்படவில்லை. சாலை போக்குவரத்துக்கு உகந்த நிலையில் உள்ளது. பாலம் அவசியமில்லை.' கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தார். அதை அடிப்படையாகக் கொண்டு, மருதாயியின் மனுவின் பேரில் பாலத்துக்கும் சாலைக்கும் மேலிடத்துக்குப் போயிருந்த முன்மொழிவு முடித்துவைக்கப்பட்டது.

அறிக்கையைக் கோப்பில் சேர்க்க வாங்கிப் போன பிளெஸ்ஸி வாசலிலேயே நின்று கேட்டார்: "சார், நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

"எறங்குறதுக்கு அவசியமே வரலையேம்மா" என்றார் நிலவழகன், இன்னும் அந்தப் பிரமிப்பு நீங்காமல்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்து கலிங்கில் தண்ணீர் ஓடியது. ஒரு பகல் பொழுதில் புவனேஸ்வரிக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் தாமதிக்காமல் தார்ச்சாலை முனைக்கு வந்துவிட்டது. அதன் ஓட்டுநர் இறங்கி, பேண்ட்டை மடித்துக்கொண்டு கலிங்கு வரைக்கும் நடந்தே வந்து பார்த்தார். உள்ளே இறக்கினால் ஏற்ற முடியாது, கவிழ்ந்தாலும் கவிழ்ந்துவிடும், எப்படியாவது இங்கிட்டுக் கொண்டுவந்து விடுங்கள் என்றார். பிரவீன்குமார் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, மனைவியை ஏற்றினான். முன்பெல்லாம் அரசாங்கத்தை இழுத்துவிட்ட அதே டிராக்டர். ஒவ்வொரு குழிக்கும் அவள் போட்ட சத்தத்தில், வண்டியை வேகமாக விடுவதா மெதுவாக விடுவதா என்று தெரியாமல் அவன் அழுதுகொண்டே ஓட்டினான். பாதிக் கரையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. மருதாயிதான் முந்தானையில் ஏந்தினார். ரத்தம் நிறையப் போய்விட்டதால் புவனேஸ்வரியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிழைப்பாளா மாட்டாளா என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பியதும் மருதாயி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. வெளுத்த சேலை கட்டி, கையில் ஒரு வெள்ளைத்தாளோடு வந்திருந்தார். நிலவழகன் அவரை உட்காரச் சொல்லி, நடந்ததைக் கேட்டு, மெய்யாகவே வருத்தப்பட்டார். ஆனால் பாலம் பற்றி மறுபடி மனு வாங்க முடியாது, சாலை நன்றாக இருப்பதாக ஆய்வறிக்கை போய்விட்டது என்று சொல்லி, அறிக்கையின் நகலை எடுத்து வாசித்தும் காட்டினார்.

மருதாயி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தார்.

"நான் மனுக் குடுக்க வரல சார். ஊருல இன்னும் ரெண்டு பிள்ளைக மாசமா இருக்குதுக. நீங்க இப்ப வாசிச்சீங்கள்ல, ரோடு நல்லாருக்குன்னு? அதையே இதுல எழுதி, சீலு வச்சுக் குடுங்க. ஆம்புலன்ஸ்காரரு நின்னாருன்னா காட்டுறோம். ஆபீசரே எழுதிக் குடுத்துருக்காரு, தைரியமா உள்ள வாங்கன்னு கூப்புட்டுக்கிறோம்."

நியாயமான கோரிக்கை. நிலவழகன் பேனாவைத் திறந்தார். தேதி போட்டார். பிறகு அவர் கை நின்றது. சேறும் தண்ணீருமாய்க் கலிங்கு அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதெப்படிம்மா எழுத முடியும்? நான் எழுதிக் குடுத்து, அத நம்பி அவங்க உள்ள வந்து, வண்டி கவுந்து ரெண்டு உசுரு போச்சுன்னா, என்னையில்ல தூக்கி உள்ள வைப்பாங்க?"

மருதாயி மேசையில் கிடந்த அறிக்கையைப் பார்த்தார். கடைசியில் இருந்த கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையெழுத்துக்கு யாரு சார் உள்ள போகணும்?"

பக்கத்து மேசையில் கோபிநாத் கணக்குக் கூட்டுவதை நிறுத்தினார். பிளெஸ்ஸி தலையைத் தூக்கவில்லை. நிலவழகன் எழுந்தார். முக்கியமான ஆய்வு ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வெளியே போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கிட்டுப் போகணும் சார் என்று நாகராசு கேட்டார்.

"எங்கிட்டாவது எடு."

வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. புதிதாக வாங்கியது சரியான முடிவுதான். கேள்வி கேட்டவரை விட்டு ஓடுவதற்கு அதைவிட நல்ல வண்டி புதுக்கோட்டை மாவட்டத்தில் இல்லை.